சரக்கு இருந்தால் போதுமா?

இன்ஜினீயரிங் கல்லூரிகளில் 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ் லேப்' என்று ஒன்று இருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உச்சரிப்புப் பழகுகிறார்கள். குரூப் டிஸ்கஷன், மாதிரி இன்டர்வியூ, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் தடுமாறாமல் இரண்டு நிமிடம்... தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி உண்டு.

இதையெல்லாம் கேலி செய்கிறவர்கள் அதிகம். "உள்ளே சரக்கு இருந்தா போதும் சார். பேசத் தெரிஞ்சவன் மேலே போயிடறான், வேலை தெரிஞ்சவன் முழிச்சிக்கிட்டு நிக்கிறான்!"

பாதி நியாயம்தான். கிராமத்திலிருந்து தமிழில் படித்துவிட்டு வந்த பையனுக்கு மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரியும். அதை இங்கிலீஷில் சொல்லத்தான் வராது. அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, 'கம்யூனிகேஷன் சரியில்லை' என்கிறார்கள். இங்கிலீஷ் சரியில்லை என்று நேராகவே சொல்லலாமே. இரண்டும் வேறு வேறு.

ஆனால் சரக்கு மட்டும் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் 'சேலஞ்சர்' விண்ணோடம் கிளம்ப வேண்டும். ஃப்ளோரிடாவில் கடும் குளிர். பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகால் கம்பெனியின் இன்ஜினீயர்கள், முக்கியமாக ரோஜர் போஷோலே, 'வேண்டாம்' என்றார்கள். ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் ரப்பர் வளையங்கள் உண்டு. குளிரில் ரப்பர் விறைத்துவிடும், சூடான வாயு கசியும். அவசர அவசரமாக 13 தாள்களில் விவரம் தயாரித்து ஃபேக்ஸ் அனுப்பி, டெலிபோனில் வாதாடினார்கள். நாசா அதிகாரிகளுக்கு ரசிக்கவில்லை. கம்பெனி மேனேஜர்கள் தனியே பேசி, இன்ஜினீயர்களை ஓரங்கட்டிவிட்டு, 'போகலாம்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள், கிளம்பிய 73-வது விநாடியில் விண்ணோடம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ஸ்கூல் டீச்சர்.

எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியர் 1997-ல் ஒரு புத்தகத்தில், கோளாறு அந்த 13 தாள்களிலும் இருக்கிறது என்று எழுதினார். குளிரையும் வளையத்தின் சேதத்தையும் ஒரே படத்தில் பொருத்திக் காட்டியிருந்தால் ஆபத்து பளிச்சென்று தெரிந்திருக்குமாம். அதாவது சரக்கு இருந்தது, எடுத்து வைக்கத் தெரியவில்லை. போஷோலேயும் வேறு சிலரும் 2002-ல் இதை மறுத்தார்கள். டஃப்டி விவரங்களையே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்றார்கள்.

நான் இன்ஜினீயர்கள் கட்சி. படம் சுமாராகவே இருக்கட்டும். 'வேண்டாம்' என்ற வார்த்தை எல்லார் காதிலும் விழுந்ததல்லவா? 'புரியலை, இன்னொரு தரம் சொல்லுங்க' என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? ஆனாலும் ஏழு உயிர் சம்பந்தப்பட்ட உண்மை ஒருவன் கையில் இருக்கும்போது, அதைத் தட்ட முடியாதபடி எடுத்து வைக்கத் தெரிந்திருப்பது அலங்காரம் இல்லை, கடமை. அதற்காகவாவது லேப் வேண்டும்.

திருக்குறளில் 'சொல்வன்மை' 65-வது அதிகாரம். அதற்கு வெகு முன்னால், 42-வதாக, 'கேள்வி'. அங்கே கேள்வி என்றால் வினா இல்லை, காதுகொடுத்துக் கேட்பது. இன்னொன்றையும் கவனியுங்கள். சொல்வன்மையை அமைச்சருக்கு உரிய பகுதியில் வைத்தவர், கேள்வியை அரசனுக்கு உரிய பகுதியில் வைத்திருக்கிறார்! யோசனை சொல்கிறவனுக்கு நாக்கு, முடிவெடுக்கிறவனுக்குக் காது.

நம் லேபில் நாக்குக்கு மட்டும்தான் பாடம். குரூப் டிஸ்கஷனில் முதலில் வாய் திறந்தவனுக்கு மார்க். எதிரே இருப்பவன் சொன்னதைத் திரிக்காமல் திருப்பிச் சொன்னவனுக்கு? வாரத்துக்கு ஒரு பீரியட் அதற்கு ஒதுக்கிப் பார்க்கலாம். தமிழிலேயே நடத்தலாம், ஹெட்போன்கூட வேண்டாம். நாளைய மேனேஜர்களும் அதே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்.