திருநீற்றுப் புதனன்று இறங்கிவந்த தளபதி



1990ஆம் ஆண்டில் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 28 அன்று வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், கொத்தோனு நகரத்து ஓட்டல் ஒன்றில் பத்து நாளாகக் கூடியிருந்த தேசிய மாநாடு அன்றுதான் முடிந்தது. மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பேராயர் இசிடோர் தெ சூசா. அதன் முடிவுகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒப்புக்கொண்டவர், பதினேழு ஆண்டுகளாக நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்த ராணுவ ஆட்சியாளர் மத்தியூ கெரெக்கு. நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள வந்திருக்கும் நாம் இவரைப் பற்றி இன்று சற்று யோசிப்பது நல்லது.

இவரைப் புனிதராக்க நான் வரவில்லை. 1972 அக்டோபர் 26 அன்று, மேஜராக இருந்தபோது, ராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்தவர் இவர். இரண்டு ஆண்டில் மார்க்சிய-லெனினியமே அரசின் கொள்கை என்று அறிவித்தார். 1975இல் டஹோமி என்ற நாட்டின் பெயரையே பெனின் மக்கள் குடியரசு என்று மாற்றினார். திருச்சபையின் பள்ளிகள் அரசுடைமையாயின. எதிர்த்துப் பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள், குருக்களும் தப்பவில்லை. எண்பதுகளின் முடிவில் அரசு வங்கிகள் திவாலாயின. மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1989 தவக்காலத்தில் பெனின் ஆயர்கள் நாட்டையே மனமாற்றத்துக்கு அழைத்து மேய்ப்புப்பணி மடல் எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் கெரெக்கு மார்க்சியத்தைக் கைவிட்டார்.

மனம் மாறித்தான் விட்டாரா, கஜானா காலியானதால் விட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். ஊதாரி மைந்தனும் பன்றித் தவிட்டுக்கு ஏங்கிய பிறகுதானே அப்பாவின் வீட்டை நினைத்தான்? பசியோடு வந்தவன் என்பதற்காகத் தந்தை கதவை அடைக்கவில்லை.

ஆனால் வீட்டை நினைப்பது வேறு, எழுந்து நடப்பது வேறு. ஆலோசனை சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் கெரெக்கு மாநாட்டைக் கூட்டினார். வந்தவர்களோ பிப்ரவரி 25, ஞாயிறன்று, இந்த மாநாட்டுக்கு மேல் வேறு அதிகாரம் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். இது சிவிலியன்கள் நடத்தும் ஆட்சிக் கவிழ்ப்பு என்று அவர் கொதித்தார். படை அவர் கையில் இருந்தது. ஒரு கட்டளை போதும், அந்த ஓட்டலே சிறையாகியிருக்கும். அந்தக் கட்டளையை அவர் இடவில்லை. தன் ஆட்சியின் தவறுகளைப் பேராயரிடம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதை அரசியல் நாடகம் என்றவர்களும் இருந்தார்கள். நாடகமோ இல்லையோ, புதிய பிரதமராக நிசெஃபோர் சோக்லோவை மாநாடு தேர்ந்தெடுத்ததை அவர் ஏற்றார். 1991 மார்ச்சில் அதே சோக்லோவிடம் தேர்தலில் தோற்றார். சோக்லோவுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. தளபதி வீட்டுக்குப் போனார்.

பேராயர் தெ சூசாவையும் மறந்துவிடக் கூடாது. பள்ளிகளைப் பறிகொடுத்த திருச்சபையின் மேய்ப்பர் அவர். பழி தீர்க்க மாநாட்டுத் தலைமையைவிட வசதியான நாற்காலி கிடைக்காது. அவரோ ஆட்சியாளர் அவமானப்படாமல் இறங்கிவர ஒரு படி வைத்துக்கொடுத்தார். நம் வீடுகளில் மன்னிப்புக் கேட்க வருகிறவரைத் தெருவில் நிற்கவைத்துப் பேசும் நமக்கு இது உறைக்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு நெருடுகிறது. பதவி விட்டபோது, பழைய குற்றங்களுக்காக வழக்கு வராது என்ற பாதுகாப்பு கெரெக்குவுக்குக் கிடைத்தது. ரத்தம் சிந்தாமல் ஆட்சி மாற அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் சிறையில் மகனை இழந்த தாயிடம் யார் அனுமதி கேட்டார்கள்? பிறருக்கு இழைத்த அநீதிக்கு நாட்டின் சார்பில் மன்னிப்பு வழங்கலாம். அந்தத் தாயின் சார்பில் வழங்க எவராலும் முடியாது. ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்ததோடு சக்கேயு நிறுத்திக்கொள்ளவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். கெரெக்குவின் கதையில் அந்தப் பக்கம் எழுதப்படவே இல்லை.

பிறகு அவர் கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டார். 1996இல் மக்கள் வாக்களித்து அவரையே மீண்டும் அதிபராக்கினார்கள். பதவியேற்பு உறுதிமொழியில் முன்னோரின் ஆவிகளைக் குறிக்கும் சொற்களை அவர் விட்டுவிட்டார். விசுவாசத்தின் பெயரால் செய்தது என்று நமக்குள் சிலர் கைதட்டலாம். அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை; முழுமையாகச் சொல்லும்படி பணித்தது. அவர் மறுபடி உறுதிமொழி எடுத்தார். நீதிமன்றத்தைக் கேட்காமல் ஆட்சியைப் பிடித்த அதே மேஜர்! 2001 தேர்தல் நேர்மையாக நடக்கவில்லை என்று எதிரணியினர் இரண்டாம் சுற்றிலிருந்து விலகினார்கள், அந்தக் கறை அவர் மேல் உண்டு. ஆனாலும் 2006இல், அரசியலமைப்பைத் திருத்தி இன்னும் இருங்கள் என்று கூட இருந்தவர்கள் தூண்டியும், சட்டம் சொன்னபடி இறங்கினார். 2015 அக்டோபர் 14 அன்று கொத்தோனுவில் இறந்தார்.

இன்றைய வாசகத்தில் யோவேல் இறைவாக்கினர் உடையை அல்ல, உள்ளத்தைக் கிழிக்கச் சொல்கிறார். கண்ணீர் வந்ததா என்று பார்த்து நம் மனமாற்றத்தை அளக்கிறோம். பிடித்திருந்ததை விட்டோமா என்று பார்ப்பதே சரியான அளவு. பங்குப் பேரவையில் பத்து ஆண்டாகப் பொறுப்பை விடாதவர்கள், தம்பியின் பங்கு நிலத்துப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்கள், மருமகளிடம் சாவியைக் கொடுக்க மனம் வராத தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். பங்குத்தந்தை நானும் அந்த வரிசையில்தான்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு முன், மாலை ஐந்து மணியிலிருந்து ஒப்புரவு அருளடையாளத்துக்காக அமர்ந்திருப்பேன். வருவதற்கு முன், திருப்பிக் கொடுக்க வேண்டியதை உரியவர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.