வாழைத்தண்டும் செல்லுலேஸும்

யாங்கோனின் தாமுவேயில் காலையில் மொஹிங்கா வாங்கினால், கெளுத்தி மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸோடு வட்ட வட்டமாக வாழைத்தண்டும் கிடக்கும். குழம்போடு நெடுநேரம் கொதித்தும் அது கரைந்திருக்காது. பல்லில் நறுக்கென்று கடிபடும். 1960களில் பர்மாவை விட்டுத் தமிழகம் வந்தவர்கள் சென்னையில் பாரிமுனைப் பக்கம் அத்தோ நூடுல்ஸோடு ஊற்றித் தரும் சூப்பிலும் அதே தண்டுதான். அடுப்புக்கு அசையாத இந்தப் பொருள் வயிற்றுக்குள் போய் என்ன ஆகிறது?

முதலில் பொருளைப் பார்ப்போம். தண்டை அரியும்போது கத்தியோடு இழுபட்டு வரும் நூலை விரலில் சுற்றி எடுத்துவிடுகிறோம். எடுத்தது நாரின் ஒரு பகுதிதான். எஞ்சிய தண்டின் ஒவ்வொரு செல்லுக்கும் செல்லுலோஸ் சுவர் உண்டு. செல்லுலோஸ் முழுக்க முழுக்க குளுக்கோஸால் ஆனது. மொஹிங்காவிலுள்ள நூடுல்ஸின் மாவுச்சத்தும் அப்படியே. அடிப்படைச் சரக்கு ஒன்றுதான், கோத்த விதம் வேறு. மாவுச்சத்தில் குளுக்கோஸ்கள் ஆல்ஃபா பிணைப்பால் இணைந்து சுருண்டு நிற்கின்றன. செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு; சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாக நெருங்கி, தேங்காய் நார்க் கயிற்றின் புரிகள்போல் இறுகிக்கொள்கின்றன. நீர் உள்ளே புகுவதே அரிது. வேகவைத்தால் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் இளகும், தண்டு மெதுவாகும், செல்லுலோஸ் அறுபடாது.

பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பெயன் 1833இல் சக வேதியியலாளர் பெர்சோவுடன் சேர்ந்து, மாவுச்சத்தை உடைக்கும் டயஸ்டேஸைப் பிரித்தெடுத்தார். தனித்துப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதி அதுவே. 1838இல் அந்த நொதியால் அசைக்க முடியாத செல்லுலோஸை இனங்கண்டவரும் அவரே. ஒரு மனிதரின் ஆய்வுக்கூடத்தில், ஐந்தாண்டு இடைவெளியில், இந்த வேறுபாட்டின் இரு முனைகளும் வெளிப்பட்டன என்பதில் எனக்குத் தீராத வியப்பு.

பீட்டா பிணைப்பை அறுக்கும் நொதிக்கு செல்லுலேஸ் என்று பெயர். பெயர் ஒருமையானாலும் அது ஒரு குழு. ஒரு வகை சங்கிலியை நடுவில் வெட்டும். இன்னொன்று நுனியைப் பிடித்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றும். மூன்றாவது அந்த இரட்டையைப் பிளந்து தனிக் குளுக்கோஸாக்கும். ஒன்று குறைந்தாலும் வேலை தேங்கும்.

மனித உடல் இந்தக் குழுவைச் சுரப்பதில்லை. புல்லையும் வைக்கோலையும் தின்று வாழும் பசுவும் சுரப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தாம் நாரை உடைக்கின்றன. நமக்கு அந்தக் குடியிருப்பு பெருங்குடலில் இருக்கிறது. எனவே வாழைத்தண்டின் நார் இரைப்பையையும் சிறுகுடலையும் பெரும்பாலும் உருமாறாமல் கடந்து அங்கே வந்து சேர்கிறது. அங்கே நடப்பதைச் செரிமானம் என்பதைவிட நொதித்தல் என்பதே பொருந்தும். நுண்ணுயிர்கள் பெக்டினையும் செல்சுவரிலுள்ள ஹெமிசெல்லுலோஸையும் எளிதாகவும், செல்லுலோஸை ஓரளவும் உடைத்துத் தின்கின்றன; அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் சிறு கொழுப்பு அமிலங்களை வெளிவிடுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் இந்த பியூட்டிரேட். உடைபடாத மிச்சமும் வீணில்லை; மலத்துக்குப் பருமன் தந்து அதை நகர்த்துகிறது. நாள்தோறும் குறைந்தது 25 கிராம் நார் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பெரியவர்களுக்கு வகுத்தது.

பெருங்குடலின் நுண்ணுயிர்க் குடியிருப்பு எல்லோரிடமும் ஒரே மாதிரி இல்லை. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இட்சாக் மிஸ்ராஹி குழுவினர் 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, மனிதக் குடலில் செல்லுலோஸை உடைக்கும் ரூமினோகாக்கஸ் பாக்டீரியா இனங்கள் சிலவற்றை அடையாளம் காட்டியது. வேட்டையாடி உணவு தேடும் மக்களிடமும் கிராமத்தவரிடமும் அவை மிகுதி. தொழில்மயமான நாடுகளின் மக்களிடம் அரிது. நாரைக் குறைத்துக்கொண்டால் அதை உண்ணும் உயிர்களும் குறையும் என்பதுதான் இதற்கு ஆய்வாளர்கள் கூறும் காரணம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

அப்படியானால் மருந்துக்கடையில் விற்கும் செல்லுலேஸ் மாத்திரையை விழுங்கினால் போதாதா? மாத்திரைக்கான செல்லுலேஸை பூஞ்சைகளிடமிருந்து எடுக்கிறார்கள். செல்லுலேஸுக்குப் பேர்போன ட்ரைக்கோடெர்மா ரீசை என்ற பூஞ்சை, இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை மக்கச் செய்ததாகப் பிடிபட்டது. ஆனால் வயிற்றுக்குள் நொதிக்குக் கிடைப்பது சில மணி நேரமே. இறுகிய நாரை முழுதும் பிரிக்க அது போதாது. உடைக்கவே முடிந்தாலும், பெருங்குடல் உயிர்களுக்குச் சேர வேண்டிய நார் வழியிலேயே சர்க்கரையாகிச் சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். உடல்நலமுள்ளவர் அந்த மாத்திரையைத் தேடி வாங்க நான் காரணம் காணவில்லை. மருத்துவத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. இரைப்பை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இரைப்பை மெதுவாக இயங்குபவர்களுக்கும் சில வேளை நார் உருண்டு கட்டியாகத் தங்கிவிடும். அந்த உருண்டையைக் கரைக்க மருத்துவர்கள் செல்லுலேஸ் கொடுப்பதுண்டு. அத்தகையவர்கள் வாழைத்தண்டை மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

மற்றவர்கள் நாரைச் சிறுகச் சிறுகக் கூட்டலாம். ஒரே நாளில் நிறைய உண்டால் நுண்ணுயிர்கள் வெளிவிடும் வாயுவால் வயிறு உப்பும். சில வாரங்களில் பலருக்கு அது தணியும். நார் கூடக் கூடத் தண்ணீரும் கூட வேண்டும். இல்லாவிட்டால் மலம் இறுகிவிடும். மொஹிங்காவும் சூப்பும் தண்டோடு நீரையும் சேர்த்தே தருகின்றன. பொரியலாக உண்பவர்கள்தாம் தண்ணீர் குடிக்க நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.