மலைமேல் ஒளிரும் திருநாமம்

இருட்டிய பின் திருப்பதி வந்து இறங்கும் யாத்ரிகருக்கு முதலில் கிட்டும் ஸேவை எந்த ஸந்நிதியிலும் அன்று. ரயிலடியை விட்டு வெளியே வந்து வடக்கே தலை நிமிர்ந்தால், கரிய மலைச்சுவரின் மேல் திருநாமமும், இருபுறமும் சங்கும் சக்கரமும், ஒளியே வடிவாய் நிற்கக் காண்கிறோம். மூட்டையைச் சுமந்த கை மூட்டையை இறக்கிவிட்டுக் குவிகிறது. "கோவிந்தா" என்று யாரோ ஒருவர் தொடங்க, முன்பின் அறியாத பத்துப் பேர் உடன் சொல்லுகிறார்கள். அவ்விடமே திருவேங்கடமுடையானின் ஆலயம் என்று எண்ணி விழுந்து ஸேவிக்கும் முதியவர்களும் உண்டு. உண்மையில் அது காலி கோபுரம். அலிபிரியிலிருந்து மலையேறும் படிவழியில் நடுவே நிற்பது. தெலுங்கில் 'காலி' என்பது காற்று. தமிழ்ச் சொல்லாகக் கொண்டு வெறுங்கோபுரம் என்று பொருள் செய்துவிடலாகாது.

ஆஸ்திக அன்பர்களே! 1944-ம் ஆண்டில் மலைப்பாதையில் வண்டிச் சாலை திறக்கும் வரை, நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் எவரும் திருமலையை அடைய முடிந்தது. இன்று வாகனத்தில் விரைவில் மேலே சென்றுவிடலாம். ஆயினும் அலிபிரியிலிருந்து 3,550 படிகளையும் காலால் கடந்தே ஸேவிப்பது என்று நேர்ந்துகொண்டு வருவோர் குறையவில்லை. பாதால மண்டபத்தில் எம்பெருமானின் திருவடிநிலைகளைத் தலையில் தாங்கி வலம்வந்து, தலயேறு குண்டு என்னும் பாறையில் தலையும் முழங்காலும் படச் செய்து, அவர்கள் புறப்படுகிறார்கள். படிதோறும் மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறும் பெண்டிரைக் காணும்போது நம் கால்வலியைப் பேச நாணமாய் இருக்கிறது.

இவ்வாறு மாலையில் ஏறத் தொடங்குவோர் ஒன்றைக் கண்டிருக்கலாம். கீழே வீதிதோறும் தெரிந்த அத்திருநாமம், ஏற ஏறக் காணாமற் போகிறது. மரங்களும் மலையின் வளைவும் அதை மறைத்துவிடுகின்றன. பாதிக்கு மேற்பட்ட படிகளைக் கடந்து, மூச்சிரைக்க அவ்விளக்குகளின் அடியிலேயே போய் நின்று அண்ணாந்தால், தெரிவன வரிசை வரிசையாய் விளக்குகள் மட்டுமே. திருநாமத்தின் வடிவு அங்கே கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சிலருக்கு இதில் ஏமாற்றம். ஆனால் அவர்கள் திரும்பி நின்று கீழே நோக்கட்டும். கோவிந்தராஜப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கும் அந்நகரம் முழுவதும் பொடிப்பொடியான ஒளித்துளிகளாய்ப் பரந்து கிடக்கும். நாம் தங்கிய சத்திரம் எது, நாம் பொறாமையோடு பார்த்துவந்த மாளிகை எது என்று பிரித்தறிய வழியில்லை. அத்தனை வீடுகளிலிருந்தும் காண்பவர்களுக்காக ஏற்றப்பட்டது அவ்வொளி. அதனடியில் நிற்பவனுக்காக அன்று.

திருநாமம், சங்கு, சக்கரம் என்னும் இம்மூன்றும் எவை என்று சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். ஆசார்யன் சிஷ்யனுக்குச் செய்தருளும் பஞ்ச ஸம்ஸ்காரத்தில் முதலிரண்டு, தாபமும் புண்ட்ரமும். வலத்தோளில் சக்கரம், இடத்தோளில் சங்கு, நெற்றியில் திருநாமம். இரவுதோறும் அம்மலை அணிந்து நிற்பது ஒரு ப்ரபந்நன் அணியும் அதே அடையாளங்களைத்தான். ஆகையால் அதை எம்பெருமானின் அடையாளம் என்று மட்டும் கொள்ளாமல், அடியவன் ஒருவனுடைய உருவம் என்றும் கொள்ள இடமுண்டு. நெற்றியில் திருமண் இட்டவன் அதைத் தானே காண்பதில்லை. எதிரே வருபவன்தான் காண்கிறான். அப்படிக் காண்பவனுக்கு நம்மால் பெருமாள் நினைவு வருகிறதா, அல்லது வரிசையில் முண்டியடிக்கும் ஒருவனின் நினைவே எஞ்சுகிறதா? டோலி சுமப்பவரிடம் கடிந்து பேசும் வாயும், தின்ற இலையைப் படியிலேயே எறியும் கையும் திருநாமம் தரித்தவர்க்கு உரியனவாய் இருக்கலாமா?

இவ்விடத்தில் திருமலை நம்பியின் சரிதம் நினைவுக்கு வருகிறது. ஆழ்வார்கள் கொண்டாடிய மலையைக் காலால் மிதிப்பதா என்று எம்பெருமானார் முதலில் தயங்கினார். பின் முழங்காலால் ஊர்ந்தே ஏறினார் என்பது பெரியோர் வாக்கு. செங்குத்தான அவ்விடத்தை 'மோக்காள்ள மிட்ட', அதாவது முழங்கால் மேடு, என்று இன்றும் தெலுங்கில் வழங்குகிறார்கள். அவரை எதிர்கொள்ள ப்ரஸாதத்துடன் வந்தவர், அவருடைய தாய்மாமனும் ஆசார்யருமாகிய நம்பியே. "தேவரீர் எழுந்தருள வேண்டுமோ? சிறியவர் ஒருவரை அனுப்பலாகாதோ?" என்று உடையவர் வருந்தினார். நம்பியோ, வீதிகள் நான்கிலும் தேடிப் பார்த்ததாகவும், தம்மிலும் சிறியவர் எவரும் அகப்படவில்லை என்றும் விடையளித்தார். பெரியவர் தம் பெருமையைத் தாம் காணாதிருந்ததற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

அதன்பின் ஓராண்டு, நம்பி நாள்தோறும் மலையினின்று இறங்கி அடிவாரத்தில் உடையவருக்கு ஸ்ரீராமாயணத்தின் பொருளை உபதேசித்தார். உச்சிப்போது ஆராதனத்தைத் தாம் ஸேவிக்க முடியாமற் போகிறதே என்று அவர் ஏங்க, திருவேங்கடமுடையான் அங்கேயே தன் திருவடிகளைக் காட்டிக்கொடுத்தான் என்பர். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்காகத் தம் ஸேவையையும் விட்டுக்கொடுத்து இறங்கி வந்தார். ஆசார்யனின் புருஷகாரம் என்று நூல்களில் நாம் வாசிப்பது, ஓராண்டுக் காலம் இப்படிகளில் ஏறியும் இறங்கியும் நடந்தது.

காலி கோபுரத்தோடு யாத்திரை முடிந்ததுபோல் அங்கேயே படுத்துவிடுவோரும் உண்டு. களைப்பாறுவதில் குற்றமில்லை, ஒளியைக் கண்டதே போதும் என்று அமைந்துவிடலாகாது. அப்பால் பாதை சற்று ஸமமாகச் சென்று, மான்கள் உலவும் இடத்தைக் கடந்து, இறுதியில் முழங்கால் மேட்டில் நம்மைச் சோதிக்கும். வலுவுள்ளவர் முன்னே ஓடி முதியோரையும் சிறுவரையும் பின்தங்க விடுதல் கூடாது. 2023-ம் ஆண்டில் இவ்வழியில் சிறுத்தையால் ஒரு பெண்குழந்தை உயிரிழந்த துயரத்தை மறப்பதற்கில்லை. கோஷ்டியாகச் செல்லுதல் பாகவத தர்மம் மட்டுமன்று, உயிர்க்காப்பும் ஆகும்.

மேலே சென்றபின் நகரத்து விளக்குகளும் இல்லை, மலைச்சரிவின் திருநாமமும் இல்லை. மஹாத்வாரம் கடந்து, கொடிமரம் கடந்து, பங்காரு வாகிலியைக் கடக்கிறோம். அம்மலையில் ஏதேனும் ஒன்றாய்ப் பிறக்கவேணும் என்று ஆசைப்பட்ட குலசேகரப் பெருமாள், கருவறை வாசலில் படியாகவே கிடக்கிறார். அப்படிக்கு அப்பால் மின்விளக்கு கிடையாது. நெய்விளக்கின் மெல்லொளியில், திருமுகத்தில் சாத்திய பெரிய திருநாமம் தெரிகிறது.