ஒன்றரை விநாடி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ம்யூல் டியர் என்று ஒரு மான் உண்டு. கோவேறு கழுதை மாதிரி பெரிய காது. பெயர் வந்ததே அதனால்தான். ஆபத்து என்றால் நாலு காலையும் ஒன்றாக ஊன்றித் துள்ளித் துள்ளி ஓடும். கொஞ்ச தூரம் போனதும் பல சமயம் நின்று திரும்பிப் பார்க்கும். துரத்தியது இன்னும் வருகிறதா என்று தெரியவேண்டாமா? பூமாவிடமிருந்து தப்பிக்க அந்தத் தூரம் போதும். துப்பாக்கியிடமிருந்து?

தூரத்து வேட்டைக்காரர்களில் சிலர் ஆயிரம் கஜத்திலிருந்து சுடுகிறார்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்! தூரத்தை லேசர் சொல்லிவிடும். குண்டு எவ்வளவு தாழும் என்று செல்போன் கணக்குப் போட்டுக் கொடுக்கும். குண்டு போய்ச் சேர சுமார் ஒன்றரை விநாடி. வெடிச்சத்தம் போய்ச் சேர இரண்டரை விநாடிக்கும் மேல். தன்னைச் சுட்ட சத்தம் காதில் விழுவதற்கு முன்பே மானுக்குக் குண்டு பட்டிருக்கும்.

'நல்லதாப் போச்சே!' என்பீர்கள். பயமில்லை, ஓட்டமில்லை. பனிக்காலத்தில் பட்டினி கிடந்து சாவதற்கு இது எவ்வளவோ தேவலை. வேட்டையே பாவம் என்பவர்களுக்கு ஐம்பது கஜமும் ஆயிரம் கஜமும் ஒன்றுதான். ஆனால் வேட்டைக்காரர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆவதற்கு முன், 1887-ல் ஆரம்பித்த பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், மிருகத்துக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருக்கவேண்டும் என்கிறது. ஐடஹோ மாநிலத்தில் 16 பவுண்டுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகக்கூடாது.

கொல்வதென்று முடிவு செய்தபிறகு என்ன பெரிய நியாயம் என்று தோன்றலாம். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி, நஷ்டம் யார் கணக்கில்?

பக்கத்தில் போய்ச் சுடுகிறவர் சுள்ளியை மிதித்தால், காற்று திரும்பி வாடை போனால், மான் ஓடிவிடும். அவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். நஷ்டம் அவருக்கு. தூரத்துக்காரர் விஷயம் வேறு. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று போதும், ஆயிரம் கஜத்தில் குண்டு ஐந்தாறு அடி விலகிவிடும். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. அதற்குள் என்ன காற்று அடிக்கிறதோ, யார் கண்டது? அந்த ஒன்றரை விநாடியில் மான் ஓர் எட்டு எடுத்து வைத்தால், நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் போய் நிற்கும். அப்புறம் எங்கோ புதருக்குள் பல மணி நேரம் கிடந்து சாகும். பட்டதா இல்லையா என்று பார்க்க, இவர் பள்ளத்தில் இறங்கி அந்தப் பக்கம் ஏறணும். 'படலை போலிருக்கு' என்று சொல்லிவிடுவது ரொம்ப சுலபம்.

கிட்டத்தில் நின்றாலும் குறி தப்பும்தான். ஆனால் அங்கே ஆடியது சுட்டவர் கை. அதைப் பயிற்சியால் சரிசெய்யலாம். மான் எப்போது கால் எடுத்துவைக்கும் என்பதற்கு யார் பயிற்சி கொடுப்பது?

ஆயிரம் கஜத்தில் சுடும் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அசாத்தியமான கலை அது. அதற்கென்றே இரும்புத் தகட்டை நிறுத்திவைத்துப் போட்டியெல்லாம் நடத்துகிறார்கள். பட்டால் 'டங்' என்று சத்தம் வரும், படாவிட்டால் வராது. யாரும் எதையும் தேடிக்கொண்டு போகவேண்டியதில்லை.