பாதி தெளிந்த பார்வை: மாற்கு நற்செய்தியைக் கதையாகக் கேட்டல்

தட்சிணேசுவரத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் வாழ்ந்த அறையின் சுவரில், தேவதேவியரின் படங்களுக்கிடையே ஏசுநாதரின் படம் ஒன்றும் இருந்தது. நீரில் மூழ்கவிருந்த பேதுருவை அவர் கைகொடுத்துக் காப்பாற்றும் காட்சி அது. குருதேவரின் மகாசமாதிக்குப் பிறகு, 1886 டிசம்பர் 24-ஆம் நாள் இரவு, ஆண்ட்பூர் கிராமத்தில் துனி நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்த இளம் சீடர்களுக்கு நரேந்திரர் ஏசுநாதரின் வாழ்க்கையைப் பிறப்பு முதல் உயிர்த்தெழுதல் வரை எடுத்துரைத்தார். துறவு வாழ்வில் அவர்களுக்கிருந்த உறுதி அன்றிரவு மேலும் வலுப்பெற்றது. அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு என்பது பின்னரே அவர்கள் நினைவுக்கு வந்தது. இந்நிகழ்ச்சியை அறியாத அன்பர்கள் இரார். ஆயினும் அதில் ஒரு சிறு செய்தி கவனிக்கத்தக்கது. நரேந்திரர் அன்று தனி வசனம் ஒன்றை எடுத்து விரிவுரை செய்யவில்லை. ஒரு வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கதையாகச் சொன்னார்.

பிற்காலத்தில் நம்மிடையே வேறொரு பழக்கம் வேரூன்றிவிட்டது. மலைப்பிரசங்கத்திலிருந்து சில வரிகள், யோவானில் தந்தையோடு தாம் ஒன்றென ஏசுநாதர் கூறும் இடம், லூக்காவில் இறையரசு உள்ளேயே இருப்பதாகக் கூறும் இடம் ஆகியவற்றையே நாம் திரும்பத் திரும்ப எடுத்தாளுகிறோம். இவை உயர்ந்த வாக்கியங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவற்றை மட்டும் கொண்டு ஏசுநாதரை ஒரு வேதாந்தியாக்கிவிடுவது மிக எளிது. அப்போது சிலுவையை என்ன செய்வது என்ற கேள்வியே எழுவதில்லை.

உண்மையில் நமது சாஸ்திர மரபே இத்தகைய வாசிப்பை ஏற்பதில்லை. ஒரு நூலின் தாற்பரியத்தை நிர்ணயிக்க ஆறு அடையாளங்களை வேதாந்த ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். சதானந்தரின் 'வேதாந்தசாரம்' இவற்றை விளக்குகிறது. உபக்கிரம உபசம்ஹாரம் என்னும் தொடக்க முடிவுகளின் ஒருமை, அப்யாசம் என்னும் மீண்டும் மீண்டும் கூறல், அபூர்வதை என்னும் புதுமை, பலன், அர்த்தவாதம், உபபத்தி என்பன அவை. சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தில் மகாவாக்கியம் ஒன்பது முறை வருகிறது என்று எண்ணிக் காட்டுவதும் இந்த முறையினால்தான். உபநிஷதத்திற்குக் காட்டும் இம்மரியாதையை நற்செய்திக்கும் காட்ட வேண்டாமா?

நான்கு நற்செய்திகளில் மாற்கு எழுதியதே மிகச் சிறியது. பதினாறு அதிகாரங்களே கொண்டது. அதுவே காலத்தால் முந்தியது, ஏறத்தாழ கி.பி. 70-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. மேலைநாட்டு அறிஞர்கள் இதைப் பல கோணங்களில் ஆராய்ந்துள்ளனர். 1901-இல் வில்லியம் வ்ரேடே ஒரு புதிரைச் சுட்டினார்: இந்நூலில் ஏசுநாதர் தம்மை இன்னாரென வெளியிட வேண்டாமென்று ஏன் மீண்டும் மீண்டும் தடுக்கிறார்? 1921-இல் ருடால்ஃப் புல்ட்மன், வாய்மொழியாக வழங்கிய சிறு சிறு அலகுகளாக நற்செய்திகளைப் பகுத்துக் காட்டினார். 1956-இல் வில்லி மார்க்ஸன் அவ்வலகுகளைக் கோத்தவரின் நோக்கத்தை ஆராய்ந்தார். இவ்வாய்வுகள் பக்திக்குப் பகை அல்ல. நூல் எழுந்த காலத்தையும் சமூகத்தையும் அறிய அவை இன்றியமையாதவை. எனினும் மாலையைப் பிரித்துப் பூக்களை எண்ணியவர்களுக்கு மாலை கிடைக்கவில்லை. விவிலிய ஆய்வாளர் டேவிட் ரோட்ஸும் இலக்கியப் பேராசிரியர் டொனால்ட் மிச்சியும் 1982-இல் வெளியிட்ட நூல், மாற்குவை முழுமையான ஒரு கதையாகவே படித்தது. யார் சொல்கிறார், யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை, எந்த நிகழ்ச்சி எதற்கு அடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பவையே அதன் கேள்விகள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1978-இல், ஆங்கில நடிகர் அலெக் மக்கோவன் மாற்கு முழுவதையும் மனப்பாடம் செய்து மேடையில் தனியொருவராக நிகழ்த்தினார். ஒரு மாலைப் பொழுதுக்குள் கேட்டு முடிக்கத்தக்க நூல் இது. முதலில் இதை அறிந்தவர்களுள் பெரும்பாலோர் படித்தவர்கள் அல்லர், கேட்டவர்களே.

கதையாகக் கேட்கும்போது எட்டாம் அதிகாரத்தில் ஒரு விந்தை நிற்கிறது. பெத்சாயிதாவில் ஒரு குருடரை ஏசுநாதர் தொடுகிறார். பார்வை வருகிறது, ஆனால் முழுமையாக அல்ல; மனிதர்கள் நடமாடும் மரங்களைப்போலத் தெரிகிறார்கள். இரண்டாம் முறை கை வைத்த பிறகே எல்லாம் தெளிவாகிறது. பிற இடங்களில் ஒரு சொல்லாலும் ஒரு தொடுதலாலும் நோய் தீர்த்தவருக்கு இங்கே மட்டும் ஏன் இரு முயற்சி? மத்தேயுவிலும் லூக்காவிலும் இந்நிகழ்ச்சி இடம்பெறவில்லை.

விடை அடுத்த காட்சியில் இருக்கிறது. பிலிப்பு செசரியாவுக்குச் செல்லும் வழியில், தம்மை யாரென்று எண்ணுகிறீர்கள் என ஏசுநாதர் வினவ, கிறிஸ்து என்று பேதுரு சரியாகவே விடையிறுக்கிறார். உடனே ஏசுநாதர் தாம் பாடுபட்டுக் கொல்லப்படவிருப்பதைச் சொல்லத் தொடங்குகிறார். பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். அதற்குக் கிடைத்த மறுமொழியோ, சாத்தான் என்ற கடும் சொல். மகிமை தெரிந்துவிட்டது, அந்த மகிமை நடக்கவிருக்கும் வழி தெரியவில்லை. பேதுருவுக்கு மனிதர்கள் இன்னும் மரங்களாகவே தெரிகிறார்கள்.

இதன் பின் அப்யாசம் தொடங்குகிறது. மூன்று முறை மரணத்தை முன்னறிவிக்கிறார். மூன்று முறையும் சீடர்கள் தவறுகிறார்கள். இரண்டாம் முறை, தங்களுள் யார் பெரியவர் என்று வழியில் வாதிடுகிறார்கள். மூன்றாம் முறை, யாக்கோபும் யோவானும் மகிமையில் தமது வலப்புறமும் இடப்புறமும் இடம் கேட்கிறார்கள். தலைவனாக விரும்புகிறவன் அனைவருக்கும் பணியாளனாக வேண்டும், மனுஷகுமாரனே பணி செய்யவும் உயிரைக் கொடுக்கவும் வந்தார் என்பது அவர்களுக்குக் கிடைத்த போதனை. அபூர்வதை என்று இதையே கொள்ளலாம். பின்னர் அவரது வலப்புறமும் இடப்புறமும் இடம்பெற்றவர்கள், உடன் சிலுவையில் அறையப்பட்ட இரு கள்வர்கள். மாற்கு இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. கேட்பவர் நினைவில் வைத்திருப்பார் என்று நம்பி விட்டுவிடுகிறார்.

இந்தப் பகுதி மற்றொரு குருடரோடு முடிகிறது. எரிகோவின் சாலையோரத்தில் பிச்சையெடுக்கும் பர்திமேயுவிடம், உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று ஏசுநாதர் கேட்கிறார். சற்று முன்பு யாக்கோபிடமும் யோவானிடமும் கேட்ட அதே கேள்வி! அவர்கள் ஆசனம் கேட்டார்கள். இவர் பார்வை கேட்கிறார். மேலாடையை எறிந்துவிட்டு வந்த அந்த மனிதர், பார்வை பெற்றதும் எருசலேமுக்குச் செல்லும் அவ்வழியிலேயே பின்தொடர்கிறார்.

உபக்கிரம உபசம்ஹாரமும் அவ்வாறே பொருந்துகின்றன. யோர்தான் நதியில் ஞானஸ்நானத்தின்போது வானம் கிழிகிறது. மகன் என்னும் குரல் எழுகிறது. சிலுவையில் உயிர் பிரிந்ததும் ஆலயத்தின் திரை கிழிகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டிடத்தும் ஒரே வினைச்சொல். அப்போது அவரை இறைமகன் என்று சொல்பவன், தண்டனையை நிறைவேற்ற நின்ற ரோமப் படைத்தலைவன். நூலில் அதற்குமுன் அப்படி அழைத்த தீய ஆவிகள் வாய் அடக்கப்பட்டன. இவன் அடக்கப்படவில்லை, ஏனெனில் இவன் கண்டது அற்புதத்தை அன்று, அவர் இறந்த விதத்தை. வ்ரேடேயின் புதிருக்குக் கதையே தரும் விடை இது எனலாம்.

இச்சாவை அகங்காரத்தின் சாவு என்று வேதாந்த நோக்கில் விளக்கலாம். சாதகனுக்கு அது பயன்தரும் விளக்கமே. ஆனால் அத்துடன் நிறுத்திக்கொள்வது முறையன்று. பொந்தியு பிலாத்துவின் ஆணையால் ஓர் உடல் மரத்தில் ஆணியால் அறையப்பட்டது என்பதைத் தத்துவமாகக் கரைத்துவிட்டால், பேதுரு அன்று வழியில் செய்ததையே நாமும் சற்று நாகரிகமாகச் செய்கிறோம்.

நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாயிட்டிக்கஸ், வத்திக்கானஸ் என்னும் இரு பழம்பிரதிகளிலும் இந்நூல் பதினாறாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. தொடர்ந்து வரும் பன்னிரண்டு வசனங்கள் பின்னர் சேர்க்கப்பட்டவை என்பது இன்றைய அறிஞர்களுள் பெரும்பாலோரின் முடிவு. வெறுமையான கல்லறையில் வெண்ணிற அங்கி அணிந்த ஓர் இளைஞர் மூன்று பெண்களிடம் செய்தி சொல்லி அனுப்புகிறார். சீடர்களுக்கும், மும்முறை மறுதலித்த பேதுருவுக்குத் தனியாகப் பெயர் சொல்லியும், அவர் கலிலேயாவுக்கு முன்னே செல்கிறார் என்று அறிவிக்க வேண்டும். கலிலேயா என்பது முதல் அதிகாரத்தில் பேதுரு வலையை விட்டெழுந்த ஏரிக்கரை. பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள்; அச்சத்தால் எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மாற்கு அங்கே எழுதுகோலை வைத்துவிடுகிறார்.