அப்பன் பட்ட கடன்

மலாய் நாளிதழ்களில் 'செத்தி ஹாராம்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிறவன் என்று பொருள். தமிழில் நாம் வட்டி முதலை என்போம், ஆலோங் என்போம். ஜொகூர் பாருவில் விளக்குக் கம்பங்களில் ஒட்டப்பட்டிருக்கும் தொலைபேசி எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள் அல்லர். ஆனாலும் அந்தத் தொழிலுக்கு மலாய் மொழி வைத்திருக்கும் பெயர் நம்முடையது. 'செத்தி' என்பது செட்டிதான். ஒரு சமூகத்தின் பெயர் இன்னொரு மொழியில் ஒரு தொழிலின் பெயராகி, பிறகு ஒரு குற்றத்தின் பெயராகவும் ஆகிவிட்டது.

இந்தப் பெயரை யார் சுமக்க வேண்டும்? இன்று கோலாலம்பூரில் கணக்காய்வாளராக வேலை பார்க்கும் ஒரு நகரத்தார் இளைஞன் மூவாரில் தன் கொள்ளுத்தாத்தா வாங்கிய வட்டிக்குப் பதில் சொல்ல வேண்டுமா? "அதெல்லாம் எப்பவோ நடந்தது, அவனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பது எளிது. ஆனால் அதே இளைஞன் கொள்ளுத்தாத்தா கட்டிய வீட்டையும், வாங்கிப் போட்ட நிலத்தையும், அவர் பெயரால் கிடைக்கும் மரியாதையையும் 'எப்பவோ நடந்தது' என்று விட்டுவிடுவதில்லையே. வரவு வாரிசுக்கு வரும், பற்று மட்டும் செத்தவரோடு போய்விடும் என்பது என்ன கணக்கு?

இந்தக் கேள்வியை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் நினைவுக்கு வருவார். 1908இல் கானாடுகாத்தானின் பெரும் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தை சர் எம்.சிடி. முத்தையா செட்டியார் 1929இல் இறந்தபோது மகனுக்கு வயது இருபதைத் தாண்டி ஓராண்டுகூட ஆகியிருக்குமா என்பது சந்தேகம். அந்த வயதில் குடும்பத் தொழில் முழுவதும் அவர் கைக்கு வந்தது. கூடவே உலகப் பொருளாதார மந்தமும் வந்தது.

அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளை நகரத்தார்கள் விலாசம் என்பார்கள். நமக்கு விலாசம் என்றால் முகவரி. அவர்களுக்கோ அது அப்பன், பாட்டன் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்த கடைப்பெயர். ரங்கூனிலும் பினாங்கிலும் மூவாரிலும் அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் பணம் கை மாறியது. கடை என்றாலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடம், வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விலாசம். அங்கே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஊரிலிருந்து வந்த ஆட்கள் இருப்பார்கள். மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து கணக்கு முடித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வாசித்தவர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. முதலாளி கடலுக்கு அந்தப்பக்கம் இருப்பார். அவர் முகத்தையே பார்க்காதவனும் அவர் விலாசத்தை நம்புவான்.

இதே காலத்தில் உலகத்தின் மறுகோடியிலும் பெயர்தான் முதலாக இருந்தது. 1912 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் சாட்சி சொன்ன ஜே. பி. மார்கன், கடன் கொடுப்பதற்குப் பணமோ சொத்தோ அடிப்படை அல்ல, ஆளின் குணமே முதல் அடிப்படை என்ற பொருள்படப் பேசினார். அவரும் வங்கியாளரின் மகன்தான். தகப்பன் ஜூனியஸ் மார்கன் லண்டனில் கட்டிய பெயரின் மீது நின்றுகொண்டுதான் அவர் குணத்தைப் பற்றிப் பேசினார். காரைக்குடிப் பக்கத்து முதலாளி ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார். தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல்தானே.

ஆனால் பெயரை நம்பிக் கடன் தருகிறவன், அந்தப் பெயரை வைத்திருப்பவன் தப்பித்து ஓடமாட்டான் என்பதையும் சேர்த்தே நம்புகிறான். பழைய இந்து சட்டம் இதைக் கறாராகச் சொன்னது. தகப்பன் பட்ட கடனை மகன் அடைக்க வேண்டும், அது புண்ணியக் கடமை. சூதுக்கும் குடிக்கும் வாங்கிய கடன் மட்டும் விதிவிலக்கு. பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் இந்தப் பொறுப்பைக் கூட்டுக்குடும்பச் சொத்தின் அளவோடு நிறுத்தின. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அதன் பிறகு வாங்கும் கடன்களுக்கு இந்தப் புண்ணியக் கடமையே இல்லை என்று எடுத்துவிட்டது. கடன் என்ற சொல்லுக்கே தமிழில் கடமை என்றும் ஒரு பொருள் உண்டு. அந்த இரண்டு பொருளும் ஒன்றாக இருந்த காலம் அப்படி முடிந்தது.

முடிந்தது நல்லதா கெட்டதா? 1930களைப் பார்க்க வேண்டும். நெல் விலையும் ரப்பர் விலையும் சரிந்தபோது கடன்காரர்களால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் செட்டியார்கள் பெயருக்கு மாறின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவிகிதம், 1938இல் சுமார் 25 சதவிகிதம். அவர்களில் பலர் நிலம் வேண்டி வட்டிக்கு விட்டவர்கள் அல்லர், ரொக்கமாகத் திரும்பி வந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு இந்த நுணுக்கத்தால் என்ன ஆகப்போகிறது? மலாயாவிலும் அதே அச்சம் இருந்தது. மலாய்க்காரர் நிலம் வெளியார் கைக்குப் போகாமல் தடுக்க ஒதுக்கீட்டுச் சட்டங்கள் வந்தன. ஜொகூரில் அந்தச் சட்டம் 1936இல் வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1937 பிப்ரவரி 10 அன்று, சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. பிறகு பினாங்கு. வெளிநாட்டு நாணய மாற்று அதன் சிறப்புத் தொழில். நம் ஆட்கள் இதைச் சாதனையாகச் சொல்வார்கள், சாதனைதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த வங்கியின் பெயரில் எம்.சிடி.எம். இல்லை, விலாசமே இல்லை. அது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம். பங்கு வாங்கியவன் போட்ட பணத்தை இழக்கலாம், ஆனால் அவன் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். அவன் மகன் கதவையும் தட்ட மாட்டார்கள்.

இதைக் கருணை என்றே நினைக்கிறேன். அப்பன் பட்ட கடனில் பிள்ளை மூழ்க வேண்டியதில்லை என்பது மனிதர்கள் கண்டுபிடித்த நல்ல விஷயங்களில் ஒன்று. ஆலோங் செய்வதைப் பாருங்கள். கடன் வாங்கியவன் தலைமறைவானால் அவன் அம்மா வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுகிறான். அண்ணன் தம்பியைத் தேடிப் போகிறான். சட்டம் கைவிட்ட புண்ணியக் கடமையை அடியாள் வைத்து நடத்துகிறான். பெயரையும் ரத்தத்தையும் பிணையாக வைக்கும் பழைய முறை திரும்பி வந்தால் இப்படித்தான் வரும்.

அப்படியானால் யாரும் யாருக்கும் பொறுப்பில்லையா? இங்கே என் தாத்தாவின் கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். வங்கியில் கணக்கு இருந்ததில்லை, செட்டியார் கிட்டங்கிப் படியேறியதும் இல்லை. அவருக்கு இருந்த ஒரே பேரேடு தோட்டத்துக் கடையின் 555 புத்தகம். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சின்ன நோட்டைத் தெரியும். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். சம்பளத்தன்று கொஞ்சம் கழியும், முழுதாக ஒருநாளும் கழியாது. தாத்தா இறந்தபோது அதில் பாக்கி இருந்தது. கடைக்காரத் தவுக்கே கேட்கவில்லை. அப்பா மாதாமாதம் போய் அடைத்தார். எதுக்குப்பா கட்டினீங்க, அவன்தான் கேக்கலியே என்று பிற்பாடு நான் கேட்டேன். அப்பா சொன்னார்: "கேட்டாத்தான் கடனாடா? அந்தக் கடன் அரிசியத்தான நானும் தின்னேன்."

சட்டம் படித்தவர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். அப்பா ரத்த உறவைக் காரணமாகச் சொல்லவில்லை, சாஸ்திரத்தையும் இழுக்கவில்லை. தின்றேன், அதனால் கட்டுகிறேன் என்றார். அந்த அரிசியைத் தின்னாத பிள்ளைக்கு அந்தக் கடன் இல்லை. தின்றவன் மகனாக இல்லாவிட்டாலும் அவனுக்கு அதில் பங்கு உண்டு. இது பழைய புண்ணியக் கடமையைவிடச் சிறியது, வரையறுக்கப்பட்ட பொறுப்பைவிடப் பெரியது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மார்கன் வீட்டுக்குப் போகலாம். குணத்தைப் பற்றிப் பேசிய மார்கனின் மகன் ஜாக் மார்கன் 1933இல் இன்னொரு நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்தார். அந்த வங்கியின் பங்காளிகள் 1931, 1932 இரண்டு ஆண்டுகளிலும் வருமான வரி கட்டவில்லை என்பது அங்கே வெளிவந்தது. சந்தையில் நேர்ந்த இழப்பைக் காட்டிக் கழித்திருந்தார்கள், சட்டப்படி தப்பே இல்லை. வேலை இழந்து வரிசையில் நின்ற அமெரிக்கர்களுக்கு அது தப்பாகத்தான் பட்டது. தகப்பன் குணம் என்று சொன்ன இடத்தில் மகன் சட்டம் என்று சொன்னார்.

இன்னும் பக்கத்தில் வருவோம். கோல்ட்மேன் சாக்ஸ் 1869 முதல் கூட்டாளிகளின் சொந்தப் பணத்தில் நடந்த நிறுவனம். 1999இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது. 2012, 2013 ஆண்டுகளில் நம் 1எம்டிபிக்காக அது 650 கோடி டாலர் கடன் திரட்டிக் கொடுத்துச் சுமார் 60 கோடி டாலர் கட்டணம் எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்தில் பெருந்தொகை களவு போனது. அதன் முன்னாள் வங்கியாளர்கள் இருவர் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளிகள் ஆனார்கள். 2020இல் நிறுவனம் மலேசியாவுடன் 390 கோடி டாலருக்கு உடன்பாடு செய்தது. இந்தத் தொகையெல்லாம் செய்தியில் வந்தபோது நான் தேடியது ஒரு முகத்தை. மூவார் கிட்டங்கியில் மேலாள் ஒருவன் உட்கார்ந்திருப்பான், அவனைத் திட்டலாம், காலில் விழலாம், ஒரு மாதம் தவணை கேட்கலாம். இங்கே யாரிடம் போய் நிற்பது? கட்டணத்தில் ஊக்கத்தொகை வாங்கியவர்கள் எத்தனை பேர் தாங்களும் அந்த அரிசியைத் தின்றதாக நினைத்திருப்பார்கள்?

முகத்தோடு வந்த கடன் நல்லது என்று நான் சொல்லவில்லை. ரப்பர் மரத்தை அடமானத்தில் இழந்தவன் அந்த முகத்தைத்தான் சாகும்வரை வெறுத்தான். அந்த வெறுப்புக்கு ஒரு விலாசம் இருந்தது, அவ்வளவுதான்.

சிதம்பரம் செட்டியார் தன் வங்கி வளர்ந்ததை அதிக காலம் பார்க்கவில்லை. 1954 மார்ச் 13 அன்று, ஜொகூர் நீரிணைக்கு அந்தப்பக்கம், சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் இறங்கிய விமானம் ஓடுபாதையருகே மோதிக் கவிழ்ந்து எரிந்தது. பயணிகள் 31 பேரும் இறந்தார்கள். அவர்களில் அவரும் ஒருவர், வயது 45. குடும்பத்தின் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1956இல் எல்.ஐ.சி.க்குள் போனது. வங்கி 1969இல் இந்திய அரசுடைமை ஆனது. வெளிநாட்டு அரசுகளின் வங்கிகளுக்கு இங்கே இடமில்லை என்று மலேசியச் சட்டம் சொன்னதால், 1973இல் அதன் மலேசியக் கிளைகள் வேறு இரண்டு இந்திய வங்கிகளின் கிளைகளோடு சேர்ந்து யுனைடெட் ஏசியன் வங்கி ஆயின. அதுவும் 1991இல் பேங்க் ஆஃப் காமர்ஸோடு இணைந்து, இன்று சி.ஐ.எம்.பி.க்குள் இருக்கிறது.

என் வீட்டுக் கடன் அந்த சி.ஐ.எம்.பி.யில்தான். மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் கழிகிறது, நான் யாரிடமும் போய்க் கொடுப்பதில்லை. இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது. இடையில் எனக்கு ஏதாவது ஆனால் காப்பீடு பார்த்துக்கொள்ளும், பிள்ளைகளிடம் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். அது நிம்மதிதான். ஆனாலும் அந்த 555 புத்தகத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.