சரண் என்ற சொல்



சில நாட்களுக்கு முன் நம் பிள்ளைகளோடு பீச் ரோட்டில் உள்ள பொதுமக்கள் போர் நினைவுச் சின்னத்துக்குப் போயிருந்தேன். உயர்ந்த நான்கு தூண்கள். அவற்றின் அடியில் 600க்கும் மேற்பட்ட தாழிகளில் பெயர் தெரியாதவர்களின் எலும்புகள்.

"இவங்கல்லாம் சண்டையில செத்தவங்களா, ஐயா?" என்று ஒரு தம்பி கேட்டான்.

"பலர் சண்டை முடிஞ்ச பிறகு செத்தவங்கப்பா" என்றேன். அவன் முகம் வாடிப் போனது.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் சரணடைந்தது. மூன்றே நாளில், 18 முதல் 50 வயது வரை உள்ள சீன ஆண்களை விசாரணைக்கு வரச் சொன்னார்கள். முகத்தை மூடிய ஓர் ஆள் தலையாட்டினாலே போதும். லோரியில் ஏற்றிச் சாங்கி, பொங்கோல் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். இறந்தவர்கள் 5,000 பேர் என்பார்கள், 50,000 வரை என்றும் சொல்வார்கள். எண்ணி முடிக்க முடியாத சாவு அது.

'சரணம்' என்று நாமும் தினமும் சொல்கிறோம். சொன்னவனுக்கு அதோடு வேலை முடிந்தது. கேட்டவனுக்குத்தான் கடமை ஆரம்பம். எதிரியின் தம்பி விபீஷணன் வந்து நின்றபோது இராமன் அடைக்கலம் தந்தான். ஆயுதம் இழந்து நின்ற இராவணனையும் கொல்லாமல் அனுப்பினான்.

அசுவத்தாமனைப் பாருங்கள். அப்பாவை வஞ்சகமாகக் கொன்றார்கள். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் துரியோதனன் வீழ்ந்த இரவில், தூங்கியவர்களைப் பாசறைக்குள் புகுந்து கொன்றானே, அதை மகாபாரதம் மன்னிக்கவில்லை. நெற்றி மணியை இழந்து, சாபத்தோடு அலைந்தான்.

தம்பி தங்கைகளே, இதைக் கேட்டு இன்றைய ஜப்பானியப் பிள்ளைகள் மேல் கோபப்படாதீர்கள். இனத்தைப் பார்த்து ஒருவனைக் குற்றவாளி என்பதும் அந்த முகமூடிக்காரன் தலையாட்டியது போலத்தான்.

நம் கையில் துப்பாக்கி இல்லை. ஆனால் மன்னிப்புக் கேட்ட நண்பனைக் கூட்டத்தில் அவமானப்படுத்துகிறோம். எதிர்த்துப் பேச முடியாத பணிப்பெண்ணிடம் கத்துகிறோம். நம்மிடம் தோற்று நிற்பவனை எப்படி நடத்துகிறோமோ, அதுதான் நம் பக்தியின் அளவு.

அடுத்த பிப்ரவரி 15 அன்று வீட்டில் அவர்களுக்காக ஒரு விளக்கு ஏற்றுங்கள். சரணம் சொல்லும் வாய் நமக்கு இருக்கிறது. சரணம் கேட்கும் காதையும் இறைவன் தரட்டும்.

ஓம் சாந்தி.